தர்மகர்த்தர் கடமை

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது மாணவர் விடுதியின் பரிபாலனம் புதிய தர்மகர்த்தர் கைக்கு மாறும் இந்நாளில், அவர்தம் கடமையைக் குறித்துச் சில வார்த்தை பேசும்படி காரியதரிசியார் எம்மைக் கேட்டுக்கொண்டனர். அப்பதவியில் 12 ஆண்டுகள் இருந்து இன்று விலகுகின்றோம். ஆதலின் உபதேசத்தினும் கணக்கு ஒப்புவித்தலே எமக்குப் பொருத்தமாகும்.

தர்ம சொத்தைத் திருடர் கொண்டுபோவது அபூர்வம். தாட்சணியமே அதனை அரிக்கின்றது. பச்சையப்ப முதலியார் 1794-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தம் பொருளைத் தர்மத்திற்கென உயில் எழுதிவைத்து, அம்மாதமே காலஞ்சென்றார். பின்னர் நிகழ்ந்ததென்ன? பொருளைக் கையாண்டவரும் உறவினரும் வழக்காடினர். தர்மங்கள் நெடுங்காலம் நடவாது நின்றன. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, அட்வொகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் துரை முயன்று, தெய்வ கைங்கரியங்களுக்குப் போக மிகுந்த பொருள் கல்விக்கு வந்தது. கறுப்பர் பட்டணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ம் வருஷத்தில். அதாவது 48 ஆண்டுகள் கழித்து. பொருள் தப்பியது நல்லூழே. கோர்ட்டு வரையிற் போகாமலே மறைந்த சிறு கட்டளைகள் எத்தனையோ!

பிறர் கதை இருக்கட்டும். நமது விடுதிக்கு வருவாய் தருவன 4 கடைகள். அவற்றுள் ஒன்று காலியானபோது எமது மைத்துனர் மகனார் அதனைக் கேட்டார். ஏலம் விடுதலே முறையென்று ஒரு தர்மகர்த்தர் கூறினார். "பிள்ளைகுட்டிக்காரன், நம்மவன்தானே" என்று சொல்லி அவர் வாயை யாமே அடைத்தோம். அண்டைக் கடையின் வாடகையிற் பாதிக்கு அக்கடை 9 ஆண்டுகளாக அவர் வசமிருக்கின்றது. யாம் ஒரு காசும் பெற்றிலோம்; அதனாலேயே குற்றமில்லையென்று எண்ணியிருந்தோம்.

சென்ற ஆனி மாதத்தில், நிதி போதாதென்று 3 பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினோம். அவருள் ஒருவனுடைய தாயார் வாயிற்படியில் வெகுநேரம் நின்றிருந்தார். அன்றிரவு கணக்கைப் புரட்டினோம். அக்கடையிற் குறைந்த வாடகை அம்மூவர் சாப்பாட்டிற்கும் போதுமானதாயிருந்தது!

தன் சொத்தை ஒரு சாதாரண விவேகி எங்ஙனம் காப்பானோ அங்ஙனமே டிரஸ்டு சொத்தைக் காக்கவேண்டுமென்பது 1882-ம் வருஷத்து இந்திய டிரஸ்டு சட்டத்தின் 15-ம் பிரிவு. அச்சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கே உரியதெனினும், பொதுத் தர்மங்களுக்கு அந்நெறி ஆகாதென்று வாதிப்பவர் யார்? எமது சொந்தக் கடையாயின் பாதி வாடகைக்கு விட்டிருப்போமா? மேலும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ம் பிரிவின்படி, தர்மத்திற் சம்பந்தமுள்ள இருவர் கோர்ட்டின் அனுமதி பெற்று வழக்கிடலாம். அந்நிலை நமக்கு வேண்டாம். கணக்குக் கேட்பது அவமதிப்பென்று நம்மவர் நெடுநாளாக எண்ணிவருகின்றனர். இந்த 12 ஆண்டுகளில் எம்மை ஒருவரேனும் கேட்டிருப்பின், அதனை யாம் உபகாரமாகவே இன்று நினைத்திருப்போம்.

புதிய தர்மகர்த்தர்களுக்கு எமது விண்ணப்பம் இரண்டே. வரவு செலவை ஆடிட்டர் பார்த்தபின் நமது சங்கப் பத்திரிகையில் ஆண்டுதோறும் அச்சிடுங்கள்; வாடகைதாரர் பெயரும் தொகையும் அதிற் காணப்படுதல் வேண்டும். தம் உறவினர் விஷயம் ஆலோசனைக்கு வருங்கால், அத்தர்மகர்த்தர் எழுந்து வெளியே சென்றுவிடுவாராக. உள்ளேயிருந்து மௌனம் சாதித்தாற் போதாது; எதிரேயுள்ள முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச நம்மிற் பலர்க்கு வாய் எழாது.

9 ஆண்டுக் குறைவாடகையை எமது சொந்தப் பொருளினின்று மூன்று தவணையில் செலுத்துவதாக எழுதிக் கையொப்பமிட்டுக் காரியதரிசியாரிடம் கொடுத்துள்ளோம். பத்திரப் பெட்டியின் சாவியும் இதோ மேசைமீது இருக்கின்றது. அக்கடையின் கெடு வருகிற தை மாதம் முடிகின்றது. பகிரங்க ஏலத்திற்கு விளம்பரம் செய்யுங்கள். எமது மைத்துனர் மகனாரும் வந்து கேட்கலாம், எல்லாரையும்போல.