தூரத்துப் போரும் தீவுச் சபையும்



ஊழியம் செய்யப் போனவர்களின் பாடுகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் திடீரென்று ஊர் திரும்பிவிட்டால், அவர்களை நம்பி மதம் மாறியவர்களின் கதி என்ன? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மார்மன் சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித்தின் அண்ணன் மகன் ஜோசஃப் எஃப். ஸ்மித். தந்தை ஹைரம் 1844இல் கார்த்தேஜ் சிறையில் கும்பல் ஒன்றால் சுட்டுக் கொல்லப்பட்டார். தாயும் 1852இல் போய்ச் சேர்ந்தார். 1854இல் சபை இந்தப் பையனை ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பியபோது அவனுக்குப் பதினைந்து வயது. சம்பளம் கிடையாது. கப்பல் கட்டணத்துக்காகக் கலிஃபோர்னியாவில் கூரைப் பலகை அறுக்கும் ஆலையில் கூலி வேலை செய்தான்.

தீவில் அவனுக்குச் சோறு போட்டவர்கள், அவன் யாருக்குப் போதிக்க வந்தானோ அவர்களேதான். சேப்பங்கிழங்கை அவித்து, இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்த ‘போய்’ என்ற களியே அன்றாட உணவு. அதை விரலால் வழித்துச் சாப்பிட வேண்டும். மொலோக்காய் தீவில் காய்ச்சலில் விழுந்தபோது, மனுஹீ என்ற பெண்மணி பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார். சில மாதங்களிலேயே அவர்கள் மொழியில் பிரசங்கம் செய்யும் அளவுக்குப் பையன் தேறிவிட்டான்.

இதற்கிடையே அவன் ஊரான யூட்டாவில் போர் மூண்டது. மார்மன்களின் பலதார மணமும், ஆளுநரும் சபைத் தலைவருமான பிரிகாம் யங்கின் தனியாட்சியும் வாஷிங்டனின் கண்ணை உறுத்தின. புதிய ஆளுநரை நியமித்த அதிபர் புக்கானன், அவரோடு படையையும் யூட்டாவுக்கு அனுப்பினார். 1857 ஜூலை 24 அன்று, மார்மன்கள் அங்கே குடியேறியதன் பத்தாம் ஆண்டு விழாவில் இருந்த யங்குக்குச் செய்தி வந்தது. வெளிநாடுகளில் இருந்த ஊழியர்களைத் திரும்ப அழைத்தார். அந்த ஆணை மலை, பாலை, கடல் தாண்டித் தீவுக்கு வர வேண்டியிருந்தது. அக்டோபரில் ஸ்மித் கப்பலேறினார். 1858 பிப்ரவரியில் ஊர் சேர்ந்தவர், மறுநாளே துப்பாக்கி ஏந்தும் உள்ளூர்ப் படையில் சேர்ந்தார். நேற்றுவரை சமாதானம் போதித்தவர்தான்! நேருக்கு நேர் பெரிய சண்டை ஏதும் நடக்காமலே விவகாரம் சமரசத்தில் முடிந்தது. (அந்தப் போர்ப் பதற்றத்தில் யூட்டாவின் மவுண்டன் மெடோஸில் வழிப்போக்கர்கள் சுமார் 120 பேர் கொல்லப்பட்ட கொடுமை தனிச் சொற்பொழிவுக்கு உரியது.)

தீவுச் சபையோ மேய்ப்பனின்றி நின்றது. யூட்டா சபையைச் சேர்ந்த வால்டர் மரே கிப்சன் என்பவர் 1861இல் வந்தார். சபையின் பெயரைச் சொல்லிப் பதவிகளை விலைக்கு விற்றார். லானாய் தீவில் விசுவாசிகளைக் கூட்டி, அவர்கள் தந்த பொருளைக் கொண்டு நிலம் வாங்கினார். பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். யூட்டாவிலிருந்து வேறு யாரும் வராத ஆண்டுகள் அவை. ஊழியர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம், போர் ஓய்ந்த பின்னும் ஆளனுப்பாததற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

தீவு விசுவாசிகளின் புகார்க் கடிதம் யூட்டாவுக்குப் போன பிறகே, 1864இல் மூத்தவர்கள் சிலரோடு ஸ்மித்தும் வந்தார். கிப்சனைச் சபையிலிருந்து நீக்கினார்கள். மறு ஆண்டு ஓவாஹு தீவின் லாயியேயில் சபை சுமார் 6,000 ஏக்கர் வாங்கியது. ஸ்மித் 1901இல் சபைத் தலைவரானார். கிப்சனும் 1882இல் ஹவாய் அரசின் பிரதம மந்திரியானார். லானாய் நிலத்தை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.