சாலையோரத்து இராட்சதர்கள்

விடுமுறையில் குடும்பத்தோடு காரில் புறப்படுகிறவர்களுக்கு, வழியில் ஒரு கோயில், ஓர் அணைக்கட்டு, நல்ல காப்பி கிடைக்கும் ஒரு சிற்றுண்டிச்சாலை, இவை இருந்தால் போதும் என்பது பெரியவர்களின் எண்ணம். பின் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் எண்ணமோ வேறு. மரக்கூட்டத்துக்கு மேலாகப் பச்சை வர்ணம் பூசிய நெடுங்கழுத்து ஒன்று தலைகாட்டிவிட்டால் கோயிலாவது, அணையாவது! வண்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

இந்தச் சிமெண்டு டைனோசார்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இவற்றைப் பிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. சிலை ஓரிடத்திலும், எலும்பு ஆயிரம் மைலுக்கு அப்பாலும் இருப்பதே பெரும்பாலும் உலக வழக்கம். அகமதாபாத்தின் மணிநகரிலோ வடோதராவிலோ குடியேறி வாழும் நம்மவர்க்குச் சிலை, முட்டை, எலும்பு ஆகிய மூன்றும் இரண்டு நாள் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தப் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

டைனோசாருக்குச் சிலை வைக்கும் பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் தோட்டத்தில் 1854-ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி இவற்றை முழு உருவில் வடித்து நிறுத்தினார். அவற்றுள் இகுவானடான் என்னும் பிராணிக்கு மூக்கின்மேல் ஒரு கொம்பு உண்டு. அது கொம்பன்று, கட்டைவிரலில் இருந்த முள் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனால் சிமெண்டு இறுகியது இறுகியதுதான். இன்றும் அது மூக்கின்மேலேயே இருக்கிறது. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ராப்பிட் சிட்டி நகரத்துக்கு மேலே, குன்றின் உச்சியில், 1936-இல் இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் சிமெண்டு பூசி எழுப்பிய நெடுங்கழுத்துப் பிராணி ஊர் முழுவதற்கும் தெரியும்படி நிற்கிறது. வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் மக்களுக்கு வேலை தருவதற்காக அரசாங்கம் செய்த ஏற்பாடு அது.

நம் பிரயாணத்துக்கு வருவோம். முதல் நாள் காந்திநகரில் சபர்மதிக் கரையிலுள்ள இந்திரோடாப் பூங்கா. மரங்களுக்கிடையே ஆளுயரத்தைப் பலமடங்கு விஞ்சிய உருவங்கள் நிற்கின்றன. முட்டைகளும் புதைபடிவங்களும் காட்சிக்கு உண்டு. திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் உண்டு. முட்டைகள் இங்கேயே இடப்பட்டவை என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அப்படியன்று. இவ்விடத்து மண் ஆறு கொணர்ந்து குவித்த பிற்கால வண்டல். முட்டைகள் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை.

குழந்தைகளுக்கு இங்கே ஒரு வேலை கொடுக்கலாம். எந்தச் சிலை வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, கங்காருவைப் போல நிமிர்ந்து நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது பழைய காலத்துக் கருத்து. இரண்டு கால்களில் நடந்த டைனோசார் முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, வாலைப் பின்னால் தூக்கிச் சமநிலைப்படுத்திக்கொண்டு நடந்தது என்பதே இன்றைய முடிவு. இதற்கு மாறாக, தவறென்று கருதப்பட்ட ஒன்று சரியாகிவிட்ட வேடிக்கையும் உண்டு. சிலைகளைச் சுற்றித் தோட்டக்காரர் வளர்க்கும் புல்லைப் பார்த்து, டைனோசார் காலத்தில் புல் ஏது என்று முன்பு அறிஞர்கள் நகைத்திருப்பார்கள். மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்னும் ஊரில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசார்ச் சாணத்துக்குள் புல்லின் நுண்துகள்கள் இருப்பதாக 2005-இல் வெளியான ஆராய்ச்சி தோட்டக்காரரின் கட்சியையே வெல்லச் செய்துவிட்டது.

மறுநாள் காலையில் பாலாசினோருக்குப் புறப்படவேண்டும். அகமதாபாத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்குச் சில மைல் தூரத்தில் ரையோலிக் கிராமம். 1980-களின் தொடக்கத்தில் புவியியலறிஞர்கள் இப்பகுதியில் எலும்புகளையும் முட்டைகளையும் கண்டனர். இங்கே 1982 முதல் 1984 வரை சேகரித்த எலும்புகளைக் கொண்டுதான் 2003-இல் 'ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்' என்று ஒரு புதிய மிருகத்துக்குப் பெயர் சூட்டப்பட்டது. தலையில் குட்டையான ஒரு கொம்பு, 25 அடிக்குக் குறையாத நீளம் என்பது பலர் கணிப்பு, ஊன் உண்ணி. அயல்நாட்டுத் திரைப்படங்களின் புண்ணியத்தில் நம் குழந்தைகளுக்குத் டைரனோசாரஸைத் தெரியும்; நர்மதையின் பெயர் தாங்கிய இந்த அரசனைத் தெரியாது. 2019 ஜூனில் இங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் அக்குறை ஓரளவு நீங்கியிருக்கிறது. அங்குள்ள குஜராத்திப் பலகைகளைப் பள்ளியில் அம்மொழி பயிலும் பிள்ளைகள் படித்துச் சொல்ல, பெற்றோர் கேட்டுக்கொள்வது நல்ல காட்சி.

ஆனால் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடலாகாது. வெளியே திறந்த வெளியில், வெண்மையான சுண்ணாம்புப் பாறையில், சிறு தேங்காயளவு வட்டங்கள் பதிந்திருக்கின்றன. முதலில் கண்ணுக்குப் புலப்படா. வழிகாட்டி ஒன்றைக் காட்டியதும் காலடியெங்கும் தென்படத் தொடங்கும். நெடுங்கழுத்துத் தாவரவுண்ணிகள் ஏரி, ஆற்றங்கரைகளின் இளகிய மண்ணில் குழி பறித்து இட்ட முட்டைகள் அவை. வயது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கும் அதிகம். உலகிலேயே இரண்டாவது பெரிய முட்டைக்களம், மூன்றாவது பெரியது என்றெல்லாம் சொல்வார்கள். அந்தப் போட்டியில் நமக்கு அக்கறையில்லை.

நமக்கு அக்கறையுள்ள சேதி வேறு. பாலாசினோர்ப் பகுதியைச் சேர்ந்த தோலி துங்ரியில் 1984-இல் தனஞ்சய் மொஹபே என்னும் புவியியலறிஞர் ஒரு பாறைத் துண்டை எடுத்தார். அதில் முட்டைகளும் சிறு எலும்புகளும் இருந்தன. எல்லாம் டைனோசார்க் குஞ்சின் எலும்புகள் என்றே 1987-இல் எழுதப்பட்டது. 2001-இல் அமெரிக்க அறிஞர் ஜெஃப்ரி வில்சன் அதே துண்டைப் பார்த்தபோது, அவற்றுள் பாம்பின் முதுகெலும்புகள் இருப்பதைக் கண்டார். நொறுங்கிய முட்டை ஒன்றைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது ஒரு பாம்பு. நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். பக்கத்தில், முட்டையிலிருந்து வெளிவந்த அரை மீட்டர்க் குஞ்சு. இரை தேடி வந்த பாம்பும், பிறந்த பொழுதே ஆபத்தைக் கண்ட குஞ்சும் அந்நிலையிலேயே மண்ணால் மூடப்பட்டுவிட்டன போலும். 2010-இல் அப்பாம்புக்குச் 'சனாஜே இண்டிகஸ்' என்று பெயரிட்டனர்.

இவ்வளவும் தெரியவந்தது எதனால்? முட்டையும் பாம்பும் குஞ்சும் ஒரே துண்டில், இருந்தது இருந்தபடி கிடைத்ததால். யாரேனும் ஒருவர் அந்த முட்டையை மட்டும் பெயர்த்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால், அங்கே ஓர் உருண்டைக் கல் இருந்திருக்கும், கதை இருந்திராது. ரையோலியிலும் வேலி வருவதற்கு முன் வந்தவர்கள் எத்தனையோ கற்களை ஞாபகார்த்தமாக எடுத்துச் சென்றார்கள். ஆகவே குழந்தைகள் கைநிறையக் கல் பொறுக்கிக்கொண்டு வந்தால், கிடந்த இடத்திலேயே அவர்களைக் கொண்டே திரும்ப வைக்கச் செய்யுங்கள், அழுதாலும் பாதகமில்லை.

கிராமத்து மக்கள் மீது இவ்விஷயத்தில் குற்றம் காண்பதற்கில்லை. பாலாசினோர்ப் பக்கத்தில் ஒரு மூதாட்டி முட்டை ஒன்றை மசாலா அரைக்கும் குழவியாக வைத்திருந்ததாகச் சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், பாட்லியா என்னும் கிராமத்தில், உழும்போது கிடைத்த உருண்டைக் கற்களை வயலையும் கால்நடைகளையும் காக்கும் 'காகர் பைரவர்' என்று வழிபட்டு வந்தனர். அவை டைனோசார் முட்டைகள் என்று 2023-இல் அங்குச் சென்ற விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள். எல்லைக்கல்லுக்குப் பொட்டிட்டு வணங்கும் வழக்கம் அறிந்த நமக்கு இது புரியாததன்று. ஒரு வகையில் அந்தப் பைரவர், அலமாரிக்குப் போன முட்டைகளைவிடப் பத்திரமாகவே இருந்தார். இந்தூர் வாழ் அன்பர்கள், பாக் குகை ஓவியங்களைக் காணப் போகும்போது இப்பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரையோலிக்குக் குளிர்காலமே ஏற்றது. பாறைமேல் நிழல் கிடையாது. காலை வேளையில் சாய்ந்த வெயில் விழும்போதுதான் வட்டங்கள் நன்றாகத் தெரியும். குடிநீரும், புளியோதரை, தயிர்சாதம் முதலியனவும் கையோடு இருப்பது நலம்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களும் இந்தக் கண்ணோடு திருச்சிப் பக்கம் போகலாம். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண்ணிலிருந்து பெரிய உருண்டைகள் வெளிப்பட, டைனோசார் முட்டைகள் என்று நாடெங்கும் பேச்சாயிற்று. அவை முட்டைகளல்ல, அம்மோனைட்டு என்னும் கடற்பிராணியைச் சுற்றி இறுகிய கற்கள் என்று புவியியலறிஞர்கள் தெளிவுபடுத்தினர். அந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அதே மாவட்டத்துச் சாத்தனூரில், 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் புவியியலறிஞர் கண்டறிந்த கல்மரம் இருக்கிறது. கடலடி மண்ணில் புதைந்து கல்லான அடிமரம். 18 மீட்டர் நீளம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே திரும்பவேண்டும். அங்கே சிமெண்டு உருவம் எதிர்பார்க்கும் குழந்தைகளிடம், மரம் படுத்துக் கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.