குளவி அடைத்த துளை

ஐப்பசி அடைமழையில் பாகூர்ப் பக்கம் தாழ்வான வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும். நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர் தலை முழுகிக் கிடக்கும். தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட, ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போகிற சின்ன பெட்ரோல் பம்புதான் கைகொடுக்கும். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு பம்பு மக்கர் பண்ணியது. வில்லியனூரில் பட்டறை வைத்திருக்கிற ஓர் இளைஞரை வயலுக்கே வரவழைத்தார்கள். நானும் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

“பதினஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது தம்பி. அப்புறம் மூச்சு வாங்குற மாதிரி வாங்கி நின்னுடுது. கொஞ்ச நேரம் சும்மா விட்டா மறுபடியும் ஓடுது. கார்புரேட்டரை ரெண்டு தடவை கழட்டிக் கழுவியாச்சு, பிளக்கும் புதுசு” என்றார் வயல்காரர்.

வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. பம்பைக் கிளப்பிவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் யாரோடும் பேச்சில்லை. என்ஜின் திணற ஆரம்பித்து நின்றதும், “அண்ணே, இப்பவே டேங்க் மூடியைத் திறங்க” என்றார். திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கும் கேட்டது. மூடியிலிருந்த ஊசி முனை அளவு துளையைச் சேறு காய்ந்து அடைத்திருந்தது. உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் பெட்ரோல் கீழே இறங்க மறுத்திருக்கிறது. வயல்காரர் சட்டையில் குத்தியிருந்த ஊக்கை வாங்கிக் குத்திவிட்டார். சாயங்காலம் வரை பம்பு நிற்கவில்லை.

இதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காரணம் உண்டு. ஒரு விமானப் பயிற்சி மையத்துக் கொட்டகையில் சின்ன விமானங்களின் என்ஜின் வேலை பார்த்தவன் நான். அங்கேயும் இதே பழுதை ஒருமுறை கண்டோம். விமானம் சில நாள் ஓடாமல் நின்றிருந்தது. இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்குக்குக் காற்றுப் போகிற குழாயில் ஒரு குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டிவிட்டது. தரையில் ஓடவிட்டுப் பார்க்கும்போதே என்ஜின் நின்றது, அதனால் பிழைத்தோம். அதே என்ஜின் ஆயிரம் அடி உயரத்தில் நின்றிருந்தால் மூடியைத் திறந்து பார் என்று சொல்ல வரப்பில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சின்ன என்ஜினின் பழுதைக் கண்டுபிடிக்கிற இந்தக் கலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். கலை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வயல் பம்புக்கும் பறக்கிற என்ஜினுக்கும் அதன் அடிப்படை ஒன்றுதான்.

முதல் விமானத்தின் கதையே ஒரு சைக்கிள் கடையில் தொடங்கியது. ரைட் சகோதரர்களின் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக், ஆறே வாரத்தில் கடைசல் இயந்திரத்தையும் துளைக்கும் இயந்திரத்தையும் வைத்து அந்த என்ஜினைச் செய்து கொடுத்தார். சுமார் 12 குதிரைசக்தி, அதாவது நம் ஊர் பெரிய பம்பு செட் அளவுதான். 1903 டிசம்பரில் அது மனிதனை ஆகாயத்தில் தூக்கியது. ஏழே வருடத்தில், 1910-ல், மதராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், குதிரை வண்டி கட்டிப் பேர்பெற்ற சிம்சன் கம்பெனியைக் கொண்டு ஒரு விமானத்தைக் கட்டி, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். அதிலும் சின்ன என்ஜின்தான். பிறகு நம் நாட்டிலேயே கட்டிய புஷ்பக் விமானம் 1958-ல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு பேர் உட்காரலாம், 90 குதிரைசக்தி காண்டினென்டல் என்ஜின். பல பறத்தல் கழகங்களில் எத்தனையோ விமானிகள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள்.

என்ஜின் ஓட நான்கு வேண்டும். பெட்ரோல், காற்று, சரியான நேரத்தில் பொறி, கம்ப்ரஷன். நான்கில் எது குறைந்தாலும் ஏதாவது ஒரு விதத்தில் அது வெளியே தெரிந்துவிடும். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோலோ டீசலோ அதிகம், அல்லது காற்று போதவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக, காய்ந்த மண் நிறத்தில் இருந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெள்ளையாகச் சுட்டுப்போயிருந்தால் பெட்ரோல் குறைந்து, சூடு மிஞ்சுகிறது. பெட்ரோலில் நனைந்து ஈரமாக இருந்தால் பொறி வரவில்லை. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல மெக்கானிக் பிளக்கைப் பார்க்கிறார். விமான என்ஜின்களில் பிளக்குகளைக் கழற்றினால், எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரியும்படி வரிசையாகத் தட்டில் அடுக்குவோம். கலந்துவிட்டால் அவை சொல்லவந்ததும் கலைந்துவிடும்.

இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். விமான என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனியாகப் பொறி தருகிற இரண்டு மேக்னெட்டோ. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும், பேட்டரி வேண்டியதில்லை. பறக்கும் முன் விமானி ஒன்றை மாற்றி ஒன்றாக அணைத்துப் பார்ப்பார். செஸ்னா 152 விமானத்தில் என்ஜினை நிமிடத்துக்கு 1700 சுற்றில் வைத்துக்கொண்டு ஒரு மேக்னெட்டோவை அணைத்தால், சுற்று கொஞ்சம் இறங்கும். 125-க்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. இதுவரை எவருக்கும் புரியும். அணைத்த பிறகு சுற்று இறங்கவே இல்லை என்றால்? புதிதாக வருகிற பையன்கள் “சூப்பரா இருக்கு சார்” என்பார்கள். அதுதான் பெரிய ஆபத்து. ஸ்விட்சிலிருந்து போகிற வயர் அறுந்து, அந்த மேக்னெட்டோ அணையாமலே கிடக்கிறது என்று பொருள். சாவியை எடுத்துவிட்டார்கள் என்று நம்பி யாராவது ப்ரொப்பல்லரைக் கையால் தள்ளினால், என்ஜின் உதைத்துக் கிளம்பி ஆளை வெட்டிவிடும். குறையே தெரியாததும் ஒரு குறையாக இருக்கலாம் என்று எனக்குக் கற்றுத் தந்தது அந்தச் சோதனைதான்.

இன்னொன்று கம்ப்ரஷன் பார்ப்பது. கிராமத்து மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் அடைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். விரலைக் காற்று எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதுதான் அவர் கணக்கு. விமானக் கொட்டகையில் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை சிலிண்டருக்குள் விட்டு, எவ்வளவு நிற்கிறது என்று மீட்டரில் பார்ப்போம். ஆனால் மீட்டர் பாதிதான் சொல்லும், மீதியைக் காதுதான் சொல்லவேண்டும். காற்று கசிகிற சத்தம் சைலன்சர் குழாயில் கேட்டால் எக்சாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றுகிற வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். என்ஜினைப் பிரிக்காமலே, காதை மூன்று இடத்தில் வைத்து நோய் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடலாம். பழைய டீசல் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏர் பிடித்துவிட்டால் நட்டைத் தளர்த்தி, நுரை போய் டீசல் மட்டும் வரும்வரை விட்டு, திரும்ப முறுக்கி, ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது நாசிலில் ‘கிர்’ரென்று ஒரு சத்தம் வருமே, அது வந்தால்தான் என்ஜின் கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் வெயிலில் பனிக்கட்டி உண்டாகும் என்றால் நம்புவீர்களா? கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூடச் சூடு இறங்கிவிடும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். விமானி இறங்குவதற்காக என்ஜின் வேகத்தைக் குறைக்கும்போது அந்த ஈரம் உறைந்து காற்று வழியை அடைக்கும். அப்போது சூடான காற்றை உள்ளே விடுகிற லீவரை இழுக்கவேண்டும். இழுத்தவுடன் என்ஜின் இன்னும் மோசமாகத் தும்மும், உருகிய தண்ணீரை விழுங்குகிறதல்லவா? பயந்துபோய் லீவரைத் திரும்பத் தள்ளிவிட்டால் அவ்வளவுதான். சில நொடி பொறுத்தால் தானே தெளிந்து ஓடும்.

இனி நம் ஊர் வேலையையும் கொட்டகை வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் மதிப்பீட்டைச் சொல்லவேண்டும்.

காதிலும் கையிலும் நம் மெக்கானிக்குகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஒரே நாளில் பம்பு, பவர் டில்லர், மருந்து அடிக்கிற மெஷின், மொபெட் என்று பத்து விதமான என்ஜின்களைத் தொடுகிறவர்கள். கொட்டகையில் வருடக்கணக்கில் ஒரே ரக என்ஜினைப் பார்த்த எனக்கு அந்த விரிவு இல்லை. ஆனால் நம் ஊரில் எதையாவது வைத்து ஓட வைத்துவிடுகிறவரைத்தான் கெட்டிக்காரர் என்கிறோம். அட்டையை வெட்டி கேஸ்கெட் போடுவது, நட்டுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது. அவசரத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. என் பார்வையில் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கிறவர்தான் பெரிய வேலைக்காரர். பிளக், கார்புரேட்டர், காயில் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றி ஓடவிட்டால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் அதே வரப்பில் அதே பழுது வந்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிய பிறகு ஓடவிட்டுப் பார். வில்லியனூர் இளைஞர் ஒன்றைக்கூட மாற்றவில்லை, கவனித்துப் பாருங்கள்.

விமான வேலையின் பலம் எழுத்து. எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஓடியபின், எதைத் தொட்டேன் என்று ஒவ்வொன்றையும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் விமானத்தை வெளியே விடமாட்டோம். என்ஜினின் வயதை மணிக் கணக்கில் சொல்வோம். ரோட்டாக்ஸ் 912 என்ற நான்கு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு 2000 மணி நேரம். ரோட்டாக்ஸ் 582 இரண்டு ஸ்ட்ரோக், 65 குதிரைசக்தி. அதற்கு 300 மணி நேரம்தான், பிறகு பிரித்து முழுமையாகச் சரிபார்க்கவேண்டும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. நம் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கிற மெஷினும் அதே இரண்டு ஸ்ட்ரோக் ஜாதிதான். ரோட்டாக்ஸுக்கு ஆயில் கலந்து ஊற்றினால் 1-க்கு 50, லிட்டருக்கு 20 மில்லி, அளந்துதான் ஊற்றவேண்டும். நம் மெஷின்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். நாமோ பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறோம். கூடினால் பிளக் கரி பிடிக்கும், குறைந்தால் பிஸ்டன் இறுகி என்ஜின் சீஸ் ஆகிவிடும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று நான்கு மாதம் பம்பு சும்மா கிடந்தால், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், ரப்பர் குழாய் ஊறிப்போகும். ரோட்டாக்ஸ் 912-க்கே 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றுதான் செய்தவர்கள் சொல்கிறார்கள். விமானி அன்றைக்கு முதலில் பறக்கும் முன் டேங்கின் அடியிலிருந்து ஒரு சின்னக் குவளையில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். விமானப் பெட்ரோலுக்கு நீல நிறம் கலந்திருப்பார்கள். தண்ணீர் இருந்தால் நிறமில்லாமல் அடியில் முத்து முத்தாக நிற்கும். பம்பை மூட்டை கட்டி வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பத்து நிமிட வேலை.

விமானக்காரர்களின் இந்த ஒழுக்கம் பாகூர் கொம்யூனில் ஏற்கெனவே இருக்கிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று கடலோரம் போனால் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களிடம் பாருங்கள். கரைக்கு வந்ததும் என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுகிறார்கள். மாற்று பிளக்கும் அதைக் கழற்றுகிற ஸ்பேனரும் பாலிதீன் பையில் சுற்றிப் படகிலேயே இருக்கிறது. நடுக்கடலில் என்ஜின் நின்றால் கையசைத்துக் கூப்பிட பஸ் வராது என்று அவர்களுக்குத் தெரியும். அதே ஊரின் நெல்வயலில் ஓடுகிற பம்புக்கும் அந்தக் கவனம் கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை.

அன்றைக்கு வயலில் பம்பு ஓட ஆரம்பித்ததும், அந்த இளைஞரிடம் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். “நோட்டு மழையில ஊறிடும் சார்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குள் போனார். அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்து, சுண்ணாம்பு அடித்த உள்சுவரில் எழுதினார்: தேதி, ‘டேங்க் மூடி துளை அடைப்பு, குத்தி விட்டது’. அதற்குக் கீழே வயல்காரரும் கரியை வாங்கி, ‘ஆயில் மாத்தி நாலு மாசம்’ என்று எழுதிவைத்தார். இந்தப் பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சுவரில் ஏழு வரி இருந்தது. கடைசி வரி வேறு கையெழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் வட்ட வட்டமான எழுத்தில் இருந்தது: ‘பிளக் பார்த்தோம். மண் நிறம்.’