நட்டவர் நாங்கள், வளர்த்தவர் வேறு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

மைக்கைப் பிடித்தால் இவன் விடமாட்டானே என்று முன்வரிசையில் சிலர் முகம் வாடுவது தெரிகிறது. பயப்படாதீர்கள், பத்தே நிமிஷம்தான்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். முன்பு ஒரு சந்திப்பின்போது எங்கள் செட் மைதானத்து ஓரமாக 100 மரக்கன்றுகள் நட்டது. நாதஸ்வரம், போட்டோ, வடை, காபி என்று ஒரே அமர்க்களம். இன்று காலை போய் எண்ணிப் பார்த்தேன். உயிரோடு இருப்பவை நான்கு. அதுவும் தோட்டக்காரர் ஒருவர், யாரும் சொல்லாமலே, தண்ணீர் ஊற்றியதால். நட்டவர் நாங்கள், வளர்த்தவர் அவர்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சங்க நிதியில் மீதமுள்ளதை ஒரு மழைக்காட்டுச் சரணாலயத்துக்குக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்திருக்கிறது. நல்ல பேச்சு. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் என் விண்ணப்பம்.

குடகில் சாய் சரணாலயம் என்று ஒன்று உண்டு. அனில் மல்ஹோத்ரா, பமேலா மல்ஹோத்ரா என்ற தம்பதி 1991-ல் விவசாயிகள் கைவிட்ட 55 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். பயிர் செய்ய அல்ல, காட்டிடம் திருப்பிக் கொடுக்க. அக்கம்பக்கத்து நிலங்களும் சேர்ந்து அது சுமார் 300 ஏக்கர் ஆயிற்று. யானை வருகிறது, பறவைகள் வருகின்றன. 2017-ல் பமேலா அம்மையாருக்குக் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது கிடைத்தது.

குடகுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம் கல்லூரி காவிரிக் கரையில் நிற்கிறது. காவிரி பிறப்பது குடகில். அங்கே பிரம்மகிரியில் பிறக்கும் லட்சுமண தீர்த்தமும் கிருஷ்ணராஜ சாகரில் காவிரியோடுதான் கலக்கிறது. அந்த மலையில் பெய்யும் மழையைக் காட்டு மண் பஞ்சு போல உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. நம் வயலுக்கு அது எத்தனை பெரிய உபகாரம்!

என் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஏம்ப்பா, காட்டைச் சும்மா விட்டா தானா வளரும்னு நீதானே சொன்னே? அப்புறம் எதுக்குப் பணம்?"

நியாயமான கேள்வி. இருவாச்சியும் குரங்கும் பழம் தின்று விதை போடும், மழை முளைக்க வைக்கும். உண்மைதான். ஆனால் சும்மா விடுவதற்குத்தான் ஆள் வேண்டும் ஐயா! சுருக்குக் கம்பி வைக்கிறவன் சும்மா இருப்பானா? கோடையில் நெருப்பு சும்மா இருக்குமா? தினம் சுற்றி வர ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். ஜீப்புக்கு டீசல் வேண்டும்.

இன்னொன்று. அனில் அவர்கள் 2021-ல் காலமானார். தொண்டுள்ளம் கொண்ட ஓரிருவர் தொடங்கும் இடங்களுக்கெல்லாம் இந்தச் சோதனை வரும். மரத்துக்கு நூறு வயசு ஒன்றுமே இல்லை, மனுஷனுக்கோ அது முழு ஆயுசு. தொடங்கியவர் போன பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஆகவே என் யோசனை இதுதான். ஒரே தடவையாகப் பெரிய தொகை வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். இருநூறு பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 20,000 ஆகும். அதைக் காவலுக்கும் பராமரிப்புக்கும் என்று, குறைந்தது பத்து வருஷத்துக்கு, ஒரு சரணாலயத்துக்குக் கொடுப்போம். வருஷா வருஷம் கணக்குக் கேட்போம். கணக்குத் தெரிந்தவர், வக்கீல், கால்நடை மருத்துவர் எல்லாரும் நம்மில் இருக்கிறார்கள். பத்திரம் பார்ப்பதும் தணிக்கை செய்வதும்கூடத் தொண்டுதான்.

மாணவச் செல்வங்களே, தொண்டு செய்யப் போனால் அவர்கள் அழைத்த பிறகு போங்கள், சொன்ன வேலையைச் செய்யுங்கள். பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவுங்கள். பஸ் பிடித்துக் கூட்டமாகப் போய்ப் பாட்டுப் போட்டால், காட்டுக்கு நாம்தான் முதல் எதிரி.

பந்தி வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. வடை சாப்பிடப் போகும் முன் உங்கள் பெயரையும் எழுதுங்கள். இந்த முறையாவது தண்ணீர் ஊற்றுவோம்.