முட்டையும் சில மயக்கங்களும்



கோழி முட்டை நம்மில் பலருடைய இல்லங்களில் அன்றாட உணவாகிவிட்டது. ஆயினும், அதனைப் பற்றி வழங்கும் தவறான எண்ணங்கள் பல. அவற்றுட் சில வெறும் வேடிக்கை. வேறு சிலவோ, வீட்டின் பணத்தையும் குழந்தையின் ஊட்டத்தையும் வீணாக்குவன.

முதலாவது, நிறத்தைப் பற்றிய மயக்கம். பழுப்பு ஓடுடைய முட்டையில் சத்து மிகுதி என்று எண்ணி, அதிக விலை கொடுத்து வாங்குவோரைக் கடைகளில் காண்கிறேன். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகார்ன் இனம் வெள்ளை முட்டை இடும். ரோட் ஐலண்ட் சிவப்பு இனம் பழுப்பு முட்டை இடும். கருவின் மஞ்சள் நிறமோ, கோழி தின்னும் மக்காச்சோளத்தாலும் பசுந்தழையாலும் வருவது. ஆகவே, ஓட்டின் நிறம் சத்தை அளக்கும் கோல் அன்று.

இரண்டாவது, பச்சை முட்டை வலிமை தரும் என்பது. உடற்பயிற்சி செய்யும் இளைஞர் பலர் அதனை அப்படியே விழுங்குகின்றனர். பெல்ஜியத்தில் நடந்து 1998இல் வெளியான ஆய்வொன்றில், வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு செரித்தது. பச்சை முட்டையிலோ பாதியளவே செரித்தது. மேலும், பச்சை வெண்கருவிலுள்ள அவிடின் என்னும் பொருள், பயோட்டின் என்ற வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும். சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியின் அச்சமும் உண்டு. நன்கு வேகவைத்து உண்பதே அறிவுடைமை.

மூன்றாவது, மஞ்சட் கருவைக் கண்டு அஞ்சுவது. அதிற் கொலஸ்டிரால் இருப்பது மெய். அதனாலேயே அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் வாரத்திற்கு மூன்று கருக்களுக்கு மேல் வேண்டாம் என்றது. ஆனால், உணவிலுள்ள கொலஸ்டிரால் பெரும்பாலோருடைய இரத்தத்தில் அத்துணை மாறுதல் செய்வதில்லை எனப் பின்னர் தெரிந்தது. நீரிழிவும் இதய நோயும் உடையோர் மருத்துவரைக் கேட்டு நடப்பாராக. வளரும் குழந்தையின் தட்டிலிருந்து கருவை எடுத்தெறிவது மட்டும் தகாது. வைட்டமின் ஏ, டி, கோலின் ஆகியவை தங்கியிருப்பது அங்கேதான். முட்டையின் புரதத்திலும் ஏறத்தாழப் பாதி அதிலேயே உள்ளது.

கடைமுட்டைக்குள் குஞ்சின் உயிர் இருக்கிறது என்பாரும் உளர். பண்ணைகளிற் சேவலின்றி வளரும் கோழிகள் இடும் முட்டை கருவுறாதது. அடைகாத்தாலும் குஞ்சு பொரியாது. உண்பதும் விடுவதும் அவரவர் கொள்கை. உண்மையை அறிந்து முடிவு செய்தல் நன்று.

இறுதியாக, ‘முட்டை சூடு, கோடையில் ஆகாது’ என்னும் பேச்சு. பிற உணவைவிடத் தனியாக உடலை வெதுப்பும் இயல்பு முட்டைக்கு இல்லை. கோடையில் அது விரைவிற் கெடும் என்பதே கவனிக்கத்தக்கது. நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்று பெருகும். அதனால் பழைய முட்டை நீரில் மிதக்கும். மிதப்பது வயதைக் காட்டுமேயன்றிக் கெட்டுவிட்டது என்பதற்கு முடிவான சான்றன்று. தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சத்துணவுக் கூடங்களில் நம் அரசு 1989ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கி வருகிறது. பள்ளியிற் கிடைக்கும் அந்த நன்மை, வீட்டிலே ‘சூடு’ என்ற ஒரு சொல்லால் நின்றுவிடலாகாது. முட்டை உண்ணும் குடும்பத்தில் பெரியோர் கொள்ளும் தவறான எண்ணத்தின் விலையை, பெரும்பாலும் பேசத் தெரியாத குழந்தையே கொடுக்கிறது. இதனைத் தாய்மார்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.