யாருக்குக் காட்டுகிறோம்?



கே.ஏ. குணசேகரனை நினைத்துக் கூடியிருக்கும் இந்த அவையில் பேச அழைத்தபோது முதலில் தயங்கினேன். நான் நாடகக்காரி இல்லை. ஒரு படமும் எடுத்ததில்லை. சமூகவியல் படித்துவிட்டு இயக்க வேலைக்கு வந்தவள். கலைக்கு நான் செய்த பணி என்று ஒன்று உண்டென்றால், கடன் வாங்கிய புரொஜெக்டரோடு போய், சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, சேரிகளிலும் கல்லூரிகளிலும் படம் போட்டதுதான். எனவே ஒரு பார்வையாளராகவும், படம் போட்டுக் காட்டியவளாகவும் மட்டுமே பேசுகிறேன். அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லப் போகிறேன். விமர்சனத்தைப் பிறரிடமிருந்து மட்டும் தொடங்குவது நமக்கு வசதியான பழக்கமாகிவிட்டது.

2003இல் அமுதன் ஆர்.பி. எடுத்த 'பீ' என்ற ஆவணப்படத்தை முதுகலை படிக்கும்போது பார்த்தேன். மதுரையில் ஒரு தெருவில் கிடக்கும் மலத்தை அள்ளும் பெண்ணின் ஒரு நாள் வேலை. அவர் அள்ளுகிறார், சாம்பல் போடுகிறார், திட்டுகிறார், பேசுகிறார். கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அன்று எனக்கு நினைவில் நின்றது படத்தைவிட என் வகுப்பறை. பக்கத்தில் இருந்த மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். திரையில் நாற்றம் ஏது? நாற்றம் அவர்கள் தலைக்குள் இருந்தது. தீண்டாமை எங்கே வாழ்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த வகுப்புக்கு அந்தப் படம் தேவைதான். ஒரு நிமிடம்கூடக் குறைக்கக் கூடாது என்பதுதான் இன்றும் என் கருத்து.

அதேபோல 2007இல் வந்த ஸ்டாலின் கே.யின் 'இந்தியா அன்டச்ட்'. பல மாநிலங்களில், பல மதங்களில் தீண்டாமையைத் தேடிப்போன படம். தீண்டாமை கிராமத்தில் மட்டும்தான், படிக்காதவர்களிடம் மட்டும்தான், இந்து மதத்தில் மட்டும்தான் என்று சொல்பவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினால் போதும், நாம் தனியாக வாதாட வேண்டியதில்லை. இந்த இரண்டு படங்களும் ஊரைப் பார்த்துப் பேசுபவை. தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் தெரியாததுபோல் நடிப்பவர்களுக்கும்.

ஊருக்காக எடுத்த படத்தைச் சேரிக்குள் கொண்டுபோய்ப் போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி எனக்குப் பல ஆண்டுகள் தோன்றவே இல்லை.

2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. பல மாவட்டங்களின் தூய்மைப் பணியாளர்களை, அதிலும் பெண்களை, வேலை செய்யும் இடத்திலேயே பேசவைத்த படம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இரண்டும் இருக்கும் நாட்டில்தான் இந்த வேலை நடக்கிறது என்பதை அந்தப் பெண்கள் தங்கள் வாயால் சொன்னார்கள். பல இடங்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது. படம் யூடியூபுக்கு வந்தது. மாணவியாக இருந்தபோது கலந்துகொண்ட 2009ஆம் ஆண்டுப் போராட்ட வழக்கைத் தூசி தட்டி, 2017 ஜூலையில் இயக்குநரைக் கைது செய்தார்கள். ஒரு படத்தைப் பார்த்து அரசு இவ்வளவு பதறினால், அது சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறது.

தடை என்றதும் எங்களுக்கு வேகம் வந்துவிட்டது. மண்டபம் கிடைக்காவிட்டால் என்ன, தெருவில் போடுவோம் என்று முடிவெடுத்தோம். ஒரு நகரத்தின் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் சுவரில் வேட்டி கட்டி ராத்திரி எட்டு மணிக்குப் போட்டோம். முன்வரிசையில் வழக்கம்போல் பிள்ளைகள். மரணங்களைப் பற்றிய பகுதி வந்தபோது, ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எனக்கே கேட்டது: "ஒங்கப்பாவும் இப்படித்தானடா செத்தாரு." கொஞ்ச நேரத்தில் ஓர் அக்கா எழுந்து வந்து, தன் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் முழக்கம்கூட எழுப்பினேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, ஊருக்குக் காட்டுங்க, அது சரி. எங்களுக்கு எதுக்குக் காட்டுறீங்க? எங்களுக்குத் தெரியாதா?"

நான் பேசவில்லை. அவரே சொன்னார். கணவர் மலக்குழியில் இறங்கிச் செத்தவர். வேலைக்கு அழைத்துப்போன ஒப்பந்தக்காரர், கரண்ட் அடித்துச் செத்ததாகவே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். இந்த அக்காவும் மகனிடம் அதையேதான் சொல்லி வளர்த்தார். ஒப்பந்தக்காரருக்குப் பயந்து அல்ல. "அப்பா பீக்குழியில செத்தாருன்னு பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா எம்புள்ளய எப்படிப் பாப்பாங்க?" என்பதற்காக. பத்து வயதுவரை ஒரு தாய் கட்டிக் காத்த சுவரை நாங்கள் ஒரே ராத்திரியில் இடித்துவிட்டு, கை தட்டல் வாங்கிக்கொண்டு போயிருந்தோம்.

தோழர்களே, சமூகவியலில் ஆய்வு முறையியல் என்று ஒரு தாள் உண்டு. யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவரிடம் எல்லா விவரமும் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதில் முதல் பாடம். பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அன்று குடியிருப்பின் தலைவரிடம் கேட்டோம், சங்கத்திடம் கேட்டோம். யார் வீட்டுச் சாவு திரையில் வரப்போகிறதோ அந்த வீட்டில் கேட்கவில்லை. தவறு படத்தினுடையது அல்ல, எங்களுடையது.

அந்த நாளுக்குப் பிறகு நான் படம் பார்க்கும் விதமே மாறிவிட்டது. நன்றாக எடுத்திருக்கிறார்களா, அரசியல் சரியா என்ற கேள்விகள் இருக்கின்றன. அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: இந்தப் படம் யாரை வைத்து எடுக்கப்பட்டதோ அவர்களிடம் எப்படித் திரும்பிப் போகிறது?

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவ்வளவு வசதியானவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றது தீர்ப்பு. காரில் போகிறவர்களின் கௌரவத்தை நம்பிய நீதிமன்றம், பிழைத்தவர்களின் சொல்லை நம்பவில்லை. 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை'யை எடுத்தார். உயிர் தப்பியவர்கள் முதுமையில் அமர்ந்து பேசுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு அழுகையைவிட ஓர் ஆறுதல்தான் வந்தது. குறுக்கு விசாரணை இல்லாமல், 'எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுகிறார்' என்ற பயம் இல்லாமல், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ஒருவர் கேட்கிறார். நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாத சாட்சியத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டது. இதுவும் ஒரு வகைத் திரும்பிப் போதல்தான்.

ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய்பீம் காம்ரேட்' இன்னொரு வகை. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டது. நியாயம் கேட்டுத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். சில நாட்களில் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். பட்வர்தனின் 1985ஆம் ஆண்டுப் படமான 'பம்பாய் அவர் சிட்டி'யில் பாடியவர் அவர். தன் படத்தில் பாடிய ஒருவரின் சாவுக்கு ஓர் இயக்குநர் 14 ஆண்டுகள் பதில் தேடியிருக்கிறார். படம் 2011இல் வந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். நீளம் அதிகம் என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த நீளம்தான் பிடித்திருக்கிறது. துப்பாக்கிச்சூட்டோடு அவர் கிளம்பிப் போய்விடவில்லை. வழக்கு இழுபடுவதையும், தலைவர்கள் அணி மாறுவதையும், புதிய தலைமுறை பாட வருவதையும் காத்திருந்து எடுத்தார். சாவுக்கு மட்டும் வருகிற கேமராவுக்கும், சாவுக்குப் பிறகும் வருகிற கேமராவுக்கும் உள்ள வித்தியாசம் இது. அந்தப் படத்தில் நம் மக்கள் பிணமாக மட்டும் இல்லை. பாட்டாகவும் கேலியாகவும் தர்க்கமாகவும் இருக்கிறார்கள்.

கசப்பான ஓர் உதாரணமும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002இல் தொடங்கப்பட்டது 'கபர் லஹரியா'. பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்தும் செய்தி நிறுவனம். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் ஆஸ்கர் இறுதிப் பட்டியல்வரை போனது. நாமெல்லாம் பெருமையோடு பகிர்ந்தோம். 2022 மார்ச்சில், விழாவுக்குச் சில நாட்களுக்கு முன், கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு கட்சியைப் பற்றி எழுதுவதையே வேலையாகக் கொண்டவர்கள்போல எங்களைக் காட்டுகிறது, அது எங்கள் முழுக்கதை அல்ல என்றார்கள்.

அப்போது சில முற்போக்கு நண்பர்களே எரிச்சல்பட்டார்கள். நல்லது செய்யப்போய் இப்படிப் பேசலாமா என்றார்கள். அந்தத் தொனி நமக்குப் பழக்கமானதுதான், 'உங்களுக்காகத்தானே செய்கிறோம்' என்ற தொனி. படம் சரியா, அறிக்கை சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் படமாக்கப்பட்டவர்கள் பதில் பேசியது அந்தப் படத்தின் கடைசிக் காட்சி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்கள் பத்திரிகையாளர்கள், அதனால் அறிக்கை எழுத முடிந்தது. நம் குடியிருப்பின் அக்கா எங்கே அறிக்கை எழுதுவார்? பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து போனதுதான் அவருடைய அறிக்கை.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பார் படேல் எடுத்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' 2000இல் உருவான படம். அதன் தமிழ் வடிவம் திரையரங்குக்கு வந்தது 2010 டிசம்பரில், அதுவும் போராட்டத்துக்கும் வழக்குக்கும் பிறகு. காட்டக் கூடாததை எங்களிடம் அவசரமாகக் காட்டுகிறார்கள், நாங்கள் பார்க்க வேண்டியது எங்களிடம் வந்துசேரப் பத்து ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். கே.ஏ.ஜி. மக்களிடம் போன வழி அது. இன்குலாப்பின் பாடலைத் தன் குரலில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் அவர். எழுதியவரும் பாடியவரும் ஒரே ஆண்டில், 2016இல் மறைந்தார்கள். அவருடைய 'பலி ஆடுகள்' நாடகத்தில் எனக்கு முக்கியமானது ஒன்று. பலி யார் என்ற கேள்வியை மேல்சாதியிடம் கேட்டதோடு அவர் நிறுத்தவில்லை. அந்தப் பலி நம் வீட்டுப் பெண்மேல் வந்து விழுவதையும் காட்டினார். தன் பக்கத்தையும் கேள்வி கேட்காத கலை பிரச்சாரமாக நின்றுவிடும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

பிறகு வந்தவர்களில் ஸ்ரீஜித் சுந்தரமும் கட்டியக்காரி குழுவும் எனக்குப் பிடித்தவர்கள். பாமாவின் எழுத்திலிருந்து அவர்கள் செய்த 'மொளகாப்பொடி'யில் நம் பெண்கள் சிரிக்கிறார்கள். ஆண்டையம்மாவைப் பார்த்தும் போலீசைப் பார்த்தும் சிரிக்கிறார்கள். நம் பெண்களை அழவைத்துப் படம் எடுத்தவர்கள் ஆயிரம் பேர். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

நாடகத்துக்கு ஒரு பலம் உண்டு. திரையில் ஓடுவதைப் பார்வையாளர் நிறுத்த முடியாது. நாடகத்தை நிறுத்தலாம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அதே குடியிருப்பில் பார்த்தேன்.

சில ஆண்டுகள் கழித்து மாணவர்கள் சிலர் மலக்குழி மரணம் பற்றி ஒரு தெருநாடகம் போட விரும்பினார்கள். இந்த முறை முதலில் வீடு வீடாகப் போனோம். என்ன நாடகம், எதில் முடியும் என்று சொன்னோம். வேண்டாம் என்றால் போட மாட்டோம் என்றும் சொன்னோம். அந்த அக்கா, "போடுங்க, நான் வருவேனான்னு தெரியல" என்றார். வந்தார், கடைசியில் நின்றார். நாடகத்தில் ஒரு மாணவன் இடுப்பில் கயிறு கட்டிக் குழிக்குள் இறங்குவதுபோல் நடித்தான். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்படிக் கட்டக் கூடாதுய்யா!"

நாடகம் நின்றது. அக்கா நடுவில் வந்தார். கயிற்றை அவிழ்த்து, மாணவனின் அக்குளுக்குக் கீழே கட்டினார். "இப்படிக் கட்டுனாத்தான் மயங்கினா நிமித்தித் தூக்க முடியும். இடுப்புல கட்டுனா மடிஞ்சு போயிருவான்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கு இந்தக் கயிறுகூடக் கட்டல."

முன்வரிசையில் அவர் மகன் இருந்தான், வளர்ந்த பையனாக. அவன் இருப்பது தெரிந்துதான் அவர் பேசினார். உண்மை முன்பு சொன்ன அதே உண்மைதான். அன்று நாங்கள் அதை அவரிடமிருந்து பிடுங்கினோம். இன்று தான் தேர்ந்த நேரத்தில், தான் கட்டிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் மனு எழுதினோம். 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் கரண்ட் அடித்துச் செத்ததாகச் சொல்லப்பட்டவருக்கு இந்தத் தீர்ப்புகள் பொருந்தாது. முதலில் அவர் எப்படிச் செத்தார் என்பதை நிறுவ வேண்டும். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் அந்த மகனும் ஒருவன்.

மாணவத் தோழர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். படம் எடுங்கள், நாடகம் போடுங்கள், தடையை மீறித் திரையிடுங்கள். ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை காட்டுங்கள். ஆனால் சேரிக்குள் வேட்டி கட்டுவதற்கு முன்னால், யார் வீட்டுச் சாவு அதில் வருகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். உள்ளே கூப்பிட்டால் உட்கார்ந்து கேளுங்கள். வேண்டாம் என்றால் வேட்டியை மடித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். அன்று படம் ஓடவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லும் நாள் வரும். அன்று கேட்பதற்கு நாம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.