எழுப்பும் கைக்கு ஒரு கேள்வி



விலங்குகளை இறைவன் மனிதரின் பொறுப்பில் ஒப்படைத்தார் என்று தொடக்க நூலில் வாசிக்கிறோம். அந்தப் பொறுப்பு இன்று ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தட்டு வரை வந்திருக்கிறது.

பன்றியின் முதிர்ந்த சினைமுட்டை, வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கும். விந்தணு நுழைந்ததும் முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழும். அதுவே முட்டையை எழுப்பும் அழைப்பு. குளோனிங்கில் விந்தணு இல்லை. முட்டையின் மரபுப்பொருளை அகற்றி, வேறொரு பன்றியின் உடல் செல்லை வைக்கிறார்கள். பிறகு நொடிப்பொழுதுக்கும் குறைவான மின்துடிப்பு கொடுக்கிறார்கள். அல்லது அயனோமைசின் போன்ற வேதிப்பொருளால் கால்சியத்தை உயர்த்துகிறார்கள். எழுந்த முட்டை மீண்டும் நின்றுவிடாதிருக்க மற்றொரு மருந்தும் சேர்ப்பதுண்டு. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான கருக்கள் பிறப்பு வரை வருவதில்லை.

எதற்காக இவ்வளவு பாடு? 2000 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில், குளோனிங் வழியாக ஐந்து பன்றிக்குட்டிகள் பிறந்தன. மனிதருக்குப் பொருந்தும் உறுப்புகளைப் பன்றியிடமிருந்து பெறுவதே இம்முயற்சியின் முக்கிய நோக்கம். 2022 சனவரியில் மேரிலாந்தில் டேவிட் பென்னட் என்பவருக்கு, மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதங்கள் உயிரோடிருந்தார். உறுப்புக்காகக் காத்திருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த இரண்டு மாதங்களின் அருமை நமக்குப் புரியும்.

அந்த 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று, உரோமையில் கூடிய உறுப்புமாற்று மருத்துவர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பேசினார். விலங்கின் உறுப்பை அவர் முற்றாக விலக்கவில்லை; பெறுபவரின் தன்மையும் அடையாளமும் சிதையக்கூடாது என்றார். ஆனால், உறுப்புக்காக மனிதக் கருவைக் குளோனிங் செய்து அழிப்பதை ஏற்கவில்லை. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்று திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது.

அன்பர்களே, பன்றியின் முட்டையை எழுப்பும் அதே மின்துடிப்பு மனித முட்டையையும் எழுப்பக்கூடும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், மனச்சான்றுக்கு அப்படியல்ல. எழுப்புகிறவர், எழுந்து வரும் உயிருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

நாம் விஞ்ஞானிகள் அல்லர். ஆனால், நமது இறப்புக்குப்பின் நம் உறுப்புகளைக் கொடையாகத் தர இன்றே முடிவெடுக்கலாம். அதை வீட்டாரிடம் சொல்லியும் வைக்கலாம். அந்தக் கொடையை அன்பின் செயல் என்றார் அதே திருத்தந்தை. காத்திருப்போருக்காகவும், ஆய்வுக்கூடங்களில் உழைப்போரின் நேரிய மனச்சான்றுக்காகவும் செபிப்போம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக.